மயான காண்டத்தில் தாலி

அரிச்சந்திரன் நாடகத்தில் எல்லாரும் அரிச்சந்திரனைத்தான் பார்க்கிறார்கள். பெயர் அவனுடையது. அதிகச் சம்பளம் பேசி வருகிறவரும் ராஜபார்ட்தான். ஆனால் மயான காண்டம் சந்திரமதியின் நாடகம் என்பது என் கட்சி. 'தாலி' என்ற சொல் அவள் காதில் விழுவதற்கும் அவள் வாய் திறப்பதற்கும் நடுவில் மேடையில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே ஒரு குழுவை எடைபோட்டுவிடலாம். இருபது தடவைக்குக் குறையாமல் இதைப் பார்த்தவன் என்கிற பாத்தியதையில் சொல்கிறேன். விமர்சகன் என்ற பாத்தியதையில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். இந்த நாடகத்தைப் பொறுத்தவரை நான் வெறும் ரசிகன். எந்த ஊரில் எந்த ஜமா என்று விசாரித்துக்கொண்டு கடைசி ரயிலில் போய் முதல் ரயிலில் திரும்பி, தூக்கக் கண்ணோடு கவுண்டரில் உட்கார்கிற ரகம்.

கதை தெரிந்ததுதான். தர்ப்பை பறிக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. காலகண்டர் வீட்டு வேலை முழுதையும் முடித்துவிட்டுத்தான் பிள்ளையின் உடலைத் தேடிப் போக அவளுக்கு அனுமதி. நடுச்சாமத்தில் சுடுகாட்டில் அவளே விறகு பொறுக்கி அடுக்குகிறாள். காவல்காரன் வந்து மறிக்கிறான். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. இதில் வாய்க்கரிசி காவல்காரனுடைய கூலி. மற்ற இரண்டும் எஜமான் வீரபாகுவுக்குச் சேரவேண்டியவை. என் பங்கை வேண்டுமானால் விட்டுத்தருகிறேன், எஜமான் பங்கை விட்டுத்தர எனக்கு அதிகாரமில்லை என்கிறான். (பெரும்பாலான மேடைகளில் இந்த வாதம் வருகிறது. இந்திய இலக்கியத்தில் ஒரு குமாஸ்தாவின் தர்மசங்கடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.) என்னிடம் ஒன்றுமில்லையே என்று அவள் அழுகிறாள். ஏன், கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவந்து கொடு என்கிறான். அவள் தாலி கணவன் ஒருவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்படி வரம் வாங்கிப் பிறந்தவள் அவள்.

இந்த இடத்தைச் சற்று நிதானமாக யோசிக்கவேண்டும். அவன் கண்ணில் முதலில் பட்டது மனைவி இல்லை; விற்கக்கூடிய ஒரு பொருள். பாக்கிக்கு ஈடு. அவன் பார்த்தான், ஆனால் அறியவில்லை. அறிந்தவள் அவள், அதுவும் அவன் முகத்தைப் பார்த்து அறியவில்லை, தன்னை அவன் பார்த்துவிட்டான் என்பதிலிருந்து அறிந்தாள். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில், அடையாளச் சின்னங்களைக் கொண்டு ஆளைக் கண்டுகொள்கிற காட்சிகளைக் கலைத்திறன் மிகக் குறைந்த வகை என்று ஒதுக்குகிறார். தழும்பு, சங்கிலி இத்யாதி. தாலியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இங்கே அடையாளம் தாலி இல்லை. அது ஒருவன் கண்ணில் பட்டது என்பதே அடையாளம். அவமானத்தின் உச்சியில், தாலியை விற்கச் சொல்கிற வாக்கியத்துக்குள்ளேயே, கணவன் வந்து நிற்கிறான். எழுதிய ஆள் யாராக இருந்தாலும் பெரிய ஆள்.

யார் எழுதியது என்பது சிக்கலான வரலாறு. ஐதரேய பிராமணத்தில் வருகிற அரிச்சந்திரன் வேறு ஆசாமி. பிறந்த பிள்ளையை வருணனுக்குப் பலியிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பல் முளைக்கட்டும், பல் விழட்டும் என்று தவணை சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தவன். அவனை மார்க்கண்டேய புராணம் சத்தியசந்தனாக்கியது. க்ஷேமீஸ்வரர் வடமொழியில் நாடகமாக்கினார். கன்னடத்தில் ராகவாங்கர், தெலுங்கில் கௌரனர், தமிழில் 16-ஆம் நூற்றாண்டில் நல்லூர் வீரகவிராயர். கவிராயரின் புராணத்தில் பத்துக் காண்டங்கள். அவற்றில் மேடைக்காரர்கள் பெயரோடு பிடித்துக்கொண்டது ஒன்றை, மயான காண்டத்தை. மற்றவை இன்று பாட்டுப் புத்தகக்காரர்களுக்கும் பரீட்சைக்காரர்களுக்கும் மட்டுமே. பம்மல் சம்பந்த முதலியார் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்து, பொய்யே பேசும் ராஜாவை வைத்து 'சந்திரஹரி' எழுதினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கவிழ்க்கிற அளவுக்கு அசல் கனமாக இருந்தது.

மேடைக்கு வந்ததும் ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. அந்தத் தாலியைப் பார்வையாளனுக்குக் காட்டுவதா வேண்டாமா? இது நம்முடைய கேள்வி மட்டுமில்லை. 'மாக்பெத்' விருந்துக் காட்சியில் பாங்கோவின் ஆவி மாக்பெத் ஒருவன் கண்ணுக்கே தெரிகிறது. 1611-இல் குளோப் அரங்கில் பார்த்ததாகக் குறிப்பு எழுதிவைத்த சைமன் ஃபார்மன், ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொல்கிறார். 1794-இல் ட்ரூரி லேனில் கெம்பிள் நாற்காலியைக் காலியாகவே விட்டு, வெறும் இடத்தைப் பார்த்து மிரண்டு நடித்தார். ஆவியைக் காட்டினால் நாம் மாக்பெத் பக்கம். காட்டாவிட்டால் விருந்தாளிகள் பக்கம். கல்லூரியில் இதை ஒரு தேர்வுக் கேள்வியாகப் படித்ததோடு சரி. அதற்கு உயிர் வந்தது எனக்குப் புதுக்கோட்டைப் பக்கத்தில்தான்.

முதல் வேலை அங்கே ஒரு கிளையில். சித்திரை வைகாசியில் ஊருக்கு ஊர் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. மூன்று வருஷத்தில் ஏழெட்டு மயான காண்டம் பார்த்திருப்பேன். சங்கீதம் என்று பார்த்தால் சில ராத்திரிகள் உடம்பு சிலிர்த்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாலி வரும் இடத்தில் ராஜபார்ட்டுக்கு ஒரு விருத்தம் காத்திருக்கிறது. அவள் மூச்சு வாங்குவதற்குள் அவர் எடுத்துவிடுவார். ஆர்மோனியம் பின்னாலேயே ஏறும். கூட்டம் கை தட்டும். யாரோ மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார். சந்திரமதி அந்த நேரம் முழுக்கப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பாள். ஒரு நடிகை, அந்த அம்மாவுக்கு அப்போதே ஐம்பது வயதிருக்கும், காட்சி தொடங்குமுன் தன் சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார். தாலி இல்லாத கழுத்தோடுதான் நடிப்பார். கெம்பிளின் காலி நாற்காலி! அந்த அம்மா வரும் ராத்திரிகளில் மட்டும், ராஜபார்ட் எவ்வளவு பாடினாலும், என் கண் அந்த வெற்றுக் கழுத்தை விட்டு நகராது. ஆனால் முறை முழுமை பெறவில்லை. காலிக் கழுத்தைப் பார்க்க நமக்கு அவகாசம் வேண்டும். பாட்டு அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறது.

பிறகு ஆரம்பாக்கத்துக்கு வந்தேன். சொந்த ஊர்ப் பக்கம்தான். சென்னையிலிருந்து கூடூர் போகும் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையம். அடுத்தது தடா, ஆந்திரம். கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் நடமாடும். எளாவூர்ச் சோதனைச்சாவடி லாரிகளுக்குத்தான், நாடகத்துக்குக் கிடையாது. சூளூர்பேட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் பலிஜேபல்லி லட்சுமிகாந்தத்தின் அரிச்சந்திர நாடகம் போடுகிறார்கள் என்றால் இங்கிருந்து ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டு போவார்கள்.

தெலுங்குக்காரர்களுக்கு இது 'காட்டி சீனு'. சுடுகாட்டுப் படுதா, ஆர்மோனியம், தோளில் கழியோடு அரிச்சந்திரன். அவன் வாயில் வருகிற பத்யங்கள் அந்த நாடகத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. குர்ரம் ஜாஷுவா (1895–1971) மயானத்தைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து நடிகர்கள் எடுத்துச் சேர்த்துக்கொண்டவை. டி. வி. சுப்பாராவ் போன்றவர்கள் பாடிப் பாடி, இன்று அந்தப் பத்யங்கள் இல்லாத காட்டி சீனைக் கூட்டம் ஏற்காது. ஒவ்வொரு பத்யத்துக்கும் 'ஒன்ஸ் மோர்'. ஜாஷுவா தலித், கிறிஸ்தவர், கோயிலுக்குள் தான் போகமுடியாததால் அங்கே தாராளமாகப் போய்வரும் வௌவாலைத் தூதுவிட்டு 'கப்பிலம்' எழுதியவர். அவருடைய சொற்கள், ஒரு க்ஷத்திரிய ராஜா தற்காலிகமாகச் சண்டாளனுக்கு அடிமையாக இருக்கும் வேளையில் அவன் வாய்வழியாக, ஊர்ப் பெரியமனிதர்களின் 'ஒன்ஸ் மோரு'க்கு இடையில் ஒலிக்கின்றன. இந்த முரண் அந்த மேடையின் ஆகப்பெரிய பலம். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மரணத்தின் முன் எல்லாரும் சமம் என்ற தரிசனம் காட்சியின் ஆரம்பத்திலேயே முழு வீச்சில் வந்துவிடுகிறது. அதன்பின் ஒரு பெண் பிணத்தோடு வருகிறாள் என்பது ஒரு உபகதை. நான் பார்த்த இரண்டு தடவையும் தாலி வருவதற்குள் பாதிக்கூட்டம் எழுந்துவிட்டது. காட்டி சீனை ஒரு கவியரங்கமாக ஏற்றுக்கொண்டால் குறையில்லை. நாடகமாக, சந்திரமதி வருமுன்னே அது முடிந்துபோகிறது.

சினிமாவை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம். 1943-இல் ஏவி.எம். எடுத்த கன்னடப் படம் மறு வருஷமே தமிழ் பேசியது, 1968-இல் சிவாஜி நடித்தார். காமிராவுக்கு 'யார் கண்ணுக்கு' என்ற கேள்வி ஒரு தந்திரக் காட்சி, மேடைக்கு அது ஒரு நெருக்கடி.

வைரமுத்துவை அப்படிக் கடக்கமுடியாது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989), வசந்த கான சபா. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தந்த ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் உச்சஸ்தாயியில் போய் அங்கேயே குடியிருக்கிறார். பாட்டிலிருந்து வசனத்துக்கு இறங்குகிற இடம் தெரிவதில்லை. பேசுவதே பாட்டின் தாழ்ந்த படி போல இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்பதால் தாலியும் இல்லை. இருட்டில் படுத்துக்கொண்டு கேட்கிறபோது, யாருக்கும் தெரியாத தாலி என்ற கற்பனைக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கு கிடையாது என்று படும். அவர் அரங்கேறிய கோயில் வீதிகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களோ இவரைக் கண்ணால் கண்டவர்கள். பொறாமையாக இருக்கிறது.

இனி எங்கள் பக்கத்துக் கூத்து. இதைப்பற்றி ந. முத்துசாமி எழுபதுகளில் எழுத ஆரம்பித்து, 1977-இல் கூத்துப்பட்டறையும் வந்து, அதன்பின் கூத்தைப் புகழ்வது சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பலர் கட்டியக்காரனைக் கண்டதும் பிரெக்ட்டைக் கூப்பிடுகிறார்கள். பிரெக்ட் வரட்டும், ஆட்சேபணையில்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகாவது கட்டியக்காரன் என்ன சொல்கிறான் என்று கேட்கலாம் அல்லவா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதிக்குக் கூத்து வைப்பதுண்டு. கர்ண மோட்சம் அல்லது அரிச்சந்திரன். இரண்டும் சாவைப் பற்றியவை. அரிச்சந்திரனுக்குச் சுடுகாட்டில் வேறு ஒரு பாத்தியதையும் உண்டு. பல ஊர்களில் மயானத்தின் நுழைவில் அரிச்சந்திரன் பெயரில் ஒரு கல்லோ மேடையோ சிறு கோயிலோ இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி, வெட்டியான் அரிச்சந்திரன் பாட்டைச் சொல்லி, கால் பணம் வாங்கிக்கொண்டு வழிவிட்ட பிறகே உள்ளே போவார்கள். ஆகவே கருமாதிக் கூத்தின் முன்வரிசையில் இருப்பவர்கள் பதினைந்து நாள் முன்புதான் நிஜ அரிச்சந்திரன் கல்லைத் தாண்டிப் போய்வந்தவர்கள். புதுக்கோட்டையிலும் சூளூர்பேட்டையிலும் இப்படிப்பட்ட கூட்டத்தோடு நான் உட்கார்ந்ததில்லை.

கூத்தில் தாலியை மறைப்பதில்லை. ஆண்தான் சந்திரமதி. கழுத்தில் கில்ட்டுத் தாலி, சாதாரணத் தாலியைவிட இரண்டு மடங்கு பெரிசு, எல்.ஈ.டி. விளக்கில் கடைசி வரிசை வரைக்கும் மின்னும். அதை அணிந்துகொண்டு, இது யார் கண்ணுக்கும் தெரியாது என்று பாடுகிறான். கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறான்: "இன்னாப்பா, உங்களுக்குத் தெரியுதா?" ஒரு பொடியன் கத்தினான்: "தெரியுது!" கட்டியக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்: "அப்ப நீயும் புருசனாடா டேய்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது; செத்தவரின் சம்சாரம்கூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் காவல்காரன் கழியைத் தரையில் ஊன்றி, தாலியை விற்கச் சொல்லிவிட்டான். சிரித்த வாய் மூடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொருளை, எல்லாருக்கும் தெரிந்ததாலேயே அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒன்றை, ஒருவன் விலைசொல்லிச் சுட்டிக்காட்டுகிறான். ஃபார்மன் பார்த்த ஆவி நாற்காலியில் உட்கார்ந்ததுதான் சரி. மறைத்துவைத்தால் வியப்பு கிடைக்கும். காட்டிவிட்டால் நாமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்கிற கூச்சம் கிடைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிசு.

என் வேலையும் இதில் குறுக்கிடுகிறது, மறைத்துப் பயனில்லை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், நகைக்கடன் கவுண்டரில் காலை முதல் வரிசை நிற்கும். சிப்காட்டில் ஆள்குறைப்பு என்றாலும் அதே வரிசை. தாலிச் சங்கிலியைக் கொண்டுவருகிறவர்கள் வீட்டிலேயே தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், நான் கிராமை எழுதுவேன். தொகை போதவில்லை என்றால் ஒரு நிமிஷம் தயங்கி நிற்பார்கள். அந்த நிமிஷத்தில் கை கழுத்துக்குப் போகும். குண்டு இரண்டு இருக்கிறது, அதையும் சேர்த்தால் எவ்வளவு வரும் சார் என்று கேட்பார்கள். நான் கேட்பதில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் என் பார்வை அங்கே போனதை அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

போன வருஷம் கருமாதிக் கூத்து ஒன்றில், விடியற்காலை மூன்று மணி இருக்கும், எங்கள் மயானத்தில் வேலை பார்ப்பவர் என் பக்கத்தில் வந்து பீடி பற்றவைத்தார். அவர் அப்பாவும் தாத்தாவும் அதே வேலை. கூத்து எப்படி என்றேன். "பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது சார். ராசா எத்தினி நாளு காவ காத்தாரு? விடிஞ்சா பட்டாபிசேகம்." பீடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தம்மா கிட்ட கேட்டாரு பாரு, அது தப்பில்ல. துணி வரலைன்னா எங்க ஆயாவும் அப்படித்தான் கேக்கும்." அவருடைய ஆயா பிணம் எரித்தவள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ராஜா வெட்டியானாவதைச் சோகம் என்று நாம் அழும்போது, வெட்டியான் வெட்டியானாக இருப்பதை என்னவென்று வைத்திருக்கிறோம் என்ற கேள்வி நம் நாடக விமர்சனத்தில் நியாயமாகக் கேட்கப்பட்டதில்லை. ஜாஷுவாவின் பத்யங்கள் அதைக் கேட்கக்கூடியவை. ஆனால் அவை ராஜாவின் குரலில் வருகின்றன.

அன்றைய சந்திரமதிக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதுப் பையன். சிப்காட்டில் இரும்பு ஆலை ஒன்றில் ஷிஃப்டு வேலை. (1913-இல் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா'வில் ராணியாக நடித்தவரும் ஓர் ஆண்தான், உணவுவிடுதி ஊழியர், பெயர் சாளுங்கே.) காவல்காரன் தாலியைச் சொன்னதும் இவன் ஒன்றும் செய்யவில்லை. கழுத்தைத் தொடவில்லை, அழவில்லை, திரும்பவில்லை. பின்பாட்டு நின்றது. ஆர்மோனியக் காற்று நின்றது. கூத்தில் நிற்கவே நிற்காத மிருதங்கமும் தாளமும் நின்றன. நெடுஞ்சாலையில் ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி தன் வெறுங்கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு இவன் மெதுவாகக் குனிந்து, பிள்ளையின் முகத்தில் கிடந்த துணியைச் சரிசெய்துவிட்டு, நிமிராமலே கேட்டான், பாட்டாக இல்லை, வீட்டுக்குள் பேசுகிற குரலில்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?" காவல்காரனிடம் அதுவரை 'அப்பா', 'ஐயா' என்று கெஞ்சியவள் அந்த ஒரு 'உங்களுக்கு'வில் புருஷனிடம் பேசினாள். முகம் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

விடிந்து, வேஷம் கலைத்து, தேங்காயெண்ணெய் முகத்தோடு டீக்கடையில் நின்றிருந்தான். அந்த நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வாத்தியார் கத்துக்குடுத்தது இல்ல சார். நானா வெச்சது. அந்த எடத்துல தாளம் வேணாம்னு மிருதங்கக்கார அண்ணங்கிட்ட சொன்னேன். கூத்துல தாளம் நின்னா செத்துருச்சுன்னு அர்த்தம்டா, ஜனம் எந்திரிச்சுப் போயிடும்னாரு. ஒத்துக்கவே மூணு வருசம் ஆச்சு."

"யாராவது எழுந்து போனார்களா?"

"மொத தடவ நாலு பேரு போனாங்க." டீயை ஊதினான். "இப்ப அவரே நிறுத்திடறாரு. நான் சொல்றதுக்கு மின்னாடியே நிறுத்திடறாரு சார், அதான் இப்ப சண்டை."